மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டுமுன் பெண்ணைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மகளிர் பக்கத்தில், அயர்லாந்துப் பெண் ஒருத்தியின் தயக்கம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். மாப்பிள்ளை மரியாதைப்பட்டவன், வேலை நிரந்தரம், இரண்டு வீட்டுக்கும் பிடித்திருக்கிறது. பெண்ணுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. வசதி கூடிய நாட்டில் இதெல்லாம் சகஜம், நம் பெண்களுக்கு இந்தக் குழப்பம் கிடையாது என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தக் கடிதம். தொண்டி தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், ராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரை எங்கள் கடற்கரையில் அந்தக் குழப்பம் வேண்டிய மட்டும் இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் யாரும் நேரம் கொடுப்பதில்லை.

முதலில் அயர்லாந்து. அந்த நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலம் நடந்தது தரகர் வைத்துப் பேசி முடித்த கல்யாணம்தான். பெண்ணோடு போகும் பணத்துக்கு 'ஃபார்ச்சூன்' என்று பெயர். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் பண்ணைக்குப் போய் நிலத்தை நடந்து பார்ப்பார்கள், மாட்டை எண்ணுவார்கள். பக்கத்துப் பண்ணை மாட்டை அன்றைக்கு மட்டும் ஓட்டிவந்து கட்டிவைத்த மாப்பிள்ளை வீட்டுக் கதைகள் அங்கே ஏராளம். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது என்பதால், அது தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாளுக்குள் எப்படியாவது முடித்துவிடும் அவசரம் உண்டு. அந்த வருஷமும் கல்யாணம் ஆகாமல் நின்றவர்களின் முதுகில், தவக்கால முதல் ஞாயிறு கோயிலுக்குப் போகிற வழியில், சாக்பீஸால் கோடு போட்டுக் கேலி செய்வார்கள். அந்த ஞாயிறுக்கே 'சாக் சண்டே' என்று பெயர் விழுந்தது.

அப்படி அவசரத்தில் கட்டிக்கொண்டால் திரும்ப வழியும் கிடையாது. 1937ஆம் ஆண்டு அரசியல் சட்டம் விவாகரத்தைத் தடை செய்தது. 1986இல் மக்களிடம் கேட்டார்கள், வேண்டாம் என்றார்கள். 1995இல் மறுபடி கேட்டபோது 50.28 சதவீதம் பேர் சரி என்றார்கள், மயிரிழையில். 1997இல்தான் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசு வேலையில் இருந்த பெண் கல்யாணம் ஆனதும் வேலையை விட வேண்டும் என்ற விதி 1973 வரை இருந்தது. ஆக, கட்டுரையில் வந்த பெண்ணின் பாட்டி தலைமுறையில் நல்ல இடத்துக்குச் சம்மதிப்பதென்றால் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, பூட்டின வீட்டுக்குள் போவது. இந்தப் பெண் தயங்குவது வசதியின் கொழுப்பால் என்று நாங்கள் நினைக்கவில்லை. வீட்டுப் பெரியவர்களின் வாழ்க்கையைக் கூடவே இருந்து பார்த்தவள் அவள்.

இன்றைக்கு அந்த நாட்டில், கல்யாணத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பாகப் பதிவாளரிடம் நேரில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இங்கே தனித் திருமணச் சட்டத்தில் (1954) 30 நாள் அறிவிப்பு இருக்கிறது. ஆனால் நம் ஊரில் பெரும்பாலோர் அந்தச் சட்டத்தின் வழியாகக் கட்டிக்கொள்வதில்லை. நம்முடைய அவகாசத்தை முடிவு செய்வது மண்டபத்துக்காரர்.

இது வேடிக்கைப் பேச்சல்ல. செலவு எந்த வரிசையில் போகிறது என்று பாருங்கள். பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள் 'பிடிச்சிருக்காம்' என்று போன் வருகிறது. அந்த வாரமே பூ வைத்தல் அல்லது நிச்சயம். நிச்சயத்தன்று சாயங்காலமே மண்டப அட்வான்ஸ், ஏனென்றால் முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்காது. பத்து நாளில் சமையலுக்கும் பந்தலுக்கும் வீடியோவுக்கும் முன்பணம். அடுத்து நகை. பிறகு பத்திரிகை அடித்து, தாய்மாமன் வீட்டுக்கு முதலில் வைத்தாகிறது. இத்தனைக்கும் பிறகு ஒருநாள் ராத்திரி சோறு போடும்போது அம்மா கேட்கிறாள்: 'ஏன்டி ஒரு மாதிரியா இருக்க?' அந்த நேரத்தில் 'வேண்டாம்' என்று சொன்னால் லட்சக்கணக்கில் நட்டம், ஊர்ப் பேச்சு, அப்பாவின் ரத்த அழுத்தம் எல்லாம் அந்த ஒரு சொல்லின் தலையில் விழும். எந்தப் பெண் சொல்வாள்? 'ஒண்ணுமில்லம்மா' என்பாள். மௌனம் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள்.

முஸ்லிம்களிடமும் கிறிஸ்தவர்களிடமும் சம்மதம் கேட்கும் ஏற்பாடு இருக்கிறது. எல்லாம் பிந்திய நேரத்தில் இருக்கிறது. நிக்காஹில் வக்கீலும் (பெண் சார்பில் பேசுபவர்) இரண்டு சாட்சிகளும் வந்து பெண்ணிடம் சம்மதம் கேட்பார்கள். அப்போது பிரியாணி தம்மில் இருக்கும். கத்தோலிக்கக் கோயிலில் சாமியார், 'எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல் முழு மனதோடு வந்திருக்கிறீர்களா?' என்று பீடத்தின் முன் கேட்பார். அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் கேட்பதும் தங்கச்சிமடத்தில் கேட்பதும் ஒரே கேள்வி, ஒரே திருச்சபைச் சட்டம். நிலை கும்பிட்டு மணவறை ஏறுகிற இந்துப் பெண்ணிடம் அந்த அளவுக்குக்கூட யாரும் கேட்பதில்லை. கத்தோலிக்கர்களுக்கு மட்டும் நடுவில் ஒரு நல்ல வாய்ப்பு உண்டு: ஓலை (கோயிலில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு) எழுதும்போது பங்குத்தந்தை பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். பல இடங்களில் பெண்ணின் அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஐந்து நிமிடத்தில் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. கதவைச் சாத்திவிட்டு இருபது நிமிடம் பேசினால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கும் வேலையே சில நேரம் மிச்சமாகும்.

ஆகவே எங்கள் முதல் யோசனை, வரிசையைத் திருப்பிப் போடுவது. பெண் பார்த்ததற்கும் நிச்சயத்துக்கும் நடுவே குறைந்தது 30 நாள். அதற்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் இரண்டு தடவையாவது நேரில் பேச வேண்டும்; போனில் பேசுவது கணக்கில் சேராது. இந்த 30 நாளில் பெண் வீடு எங்கேயும் பணம் கட்டக் கூடாது. மண்டபம் போய்விடும் என்றால் போகட்டும். பள்ளிவாசல் மஹாலும் கோயில் வளாகமும் வீட்டு வாசல் பந்தலும் இருக்கின்றன.

இதற்கு வரும் எதிர்ப்பு எல்லாமே நாள் கணக்கில் வரும். 'ஆடி பிறக்கப்போகுது.' 'மார்கழிக்கு முன்னாடி முடிச்சிரணும்.' 'தவக்காலம் வந்திரும்.' 'நோன்புக்கு முந்தி வச்சிருவோம்.' 'மாப்பிள்ளைக்கு லீவு முப்பது நாள்தான், பதினைஞ்சு போயிருச்சு.' ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆண்கள் கரையில் இருப்பார்கள் என்பதால் 'தடைக்குள்ள முடிச்சிருவோம்' என்று இன்னொரு அவசரம். சாக்பீஸ் கோடு நம்மிடமும் உண்டு, நிறம்தான் வேறு. தரகருக்கு இந்தத் தேதிகள் நன்றாகத் தெரியும். ஆனி மூன்றாம் வாரத்தில் வரும் 'ரொம்ப நல்ல இடம்' என்ற பேச்சைக் கொஞ்சம் தள்ளி நின்றே கேட்க வேண்டும். மாப்பிள்ளையின் லீவு முடிகிறது என்றால் பேசி வைத்துவிட்டு அடுத்த லீவுக்குக் கல்யாணம் வைக்கலாம். அதற்கு ஒத்துக்கொள்ளாத இடம் எதற்கு அவசரப்படுகிறது என்று விசாரிப்பது பெண்ணைப் பெற்றவர் வேலை.

கேட்பது எப்படி என்பதிலும் ஒரு முறை இருக்கிறது. அம்மா கேட்கக் கூடாது. அம்மாவின் முகத்தைப் பார்த்தே பெண் பதில் சொல்வாள். அப்பா கேட்டால் பதிலே வராது. கல்யாணமாகிப் போன அக்கா அல்லது லாத்தா, மதினி, சித்தி, பள்ளிக்கூட டீச்சர், இப்படி ஒருவர் வீட்டுக்கு வெளியே கூட்டிப்போய்க் கேட்க வேண்டும். 'பிடிச்சிருக்கா?' என்ற கேள்வி உதவாது. 'ம்' என்று முடிந்துவிடும். 'எது உறுத்துது?' என்று கேட்டால் ஏதாவது வரும். வருகிற பதில் பல வகைப்படும். வீட்டை விட்டுப் போகிற பயம் என்றால் அது எல்லோருக்கும் உள்ளது, பெரும்பாலும் கரையும். படிப்பு, வேலை நின்றுவிடுமோ என்ற கவலை என்றால் மாப்பிள்ளை வீட்டில் நேராகப் பேசித் தீர்க்கலாம். மாப்பிள்ளையின் பேச்சில், பார்வையில், தன் அம்மாவிடம் அவன் நடந்துகொண்ட விதத்தில் ஏதோ சரியில்லை என்றால் அதை மட்டும் தேற்றி அனுப்பாதீர்கள். 'கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிரும்' என்ற மருந்து அந்த நோய்க்குக் கேட்காது. மனதில் வேறு ஒருவர் இருந்தால், அதைக் கேட்டவர் அடுத்த நிமிடமே அப்பாவிடம் ஓடக் கூடாது. பெண்ணுக்கு 18 வயது நிறையவில்லை என்றால் இந்தப் பேச்சே தேவையில்லை: குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஒரு போன், அவ்வளவுதான்.

அடுத்து, 'நல்ல இடம்' உண்மையிலேயே நல்ல இடமா என்று பார்ப்பது. அயர்லாந்துக்காரர்கள் மாட்டை எண்ணினார்கள்; நாம் காரையும் மாடியையும் எண்ணிவிட்டு வந்துவிடுகிறோம். விசைப்படகு வைத்திருக்கிறார் என்றால் படகு முகப்பில் எழுதியிருக்கும் பதிவெண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்றா, ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, மானிய டீசல் புத்தகம் நடப்பில் உள்ளதா, படகு இப்போது ஜெட்டியில் கட்டியிருக்கிறதா அல்லது இலங்கையில் பிடிபட்டுக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், மீன் கம்பெனியிலோ ஏஜென்டிடமோ வாங்கிய முன்பணம். அந்தக் கடன் எந்தப் பத்திரத்திலும் இராது. பிடித்த மீனை அந்த ஏஜென்டுக்கே போட வேண்டும், விலையும் அவர் வைத்ததுதான். 'படகு ஓனர்' என்று கட்டிக்கொடுத்த மூன்றாம் மாதம் பெண்ணின் வளையல் அடகுக்கடைக்குப் போவது பெரும்பாலும் இந்தக் கணக்கை விசாரிக்காததால்தான்.

வளைகுடா மாப்பிள்ளை என்றால் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதாது. சவூதி என்றால் இகாமா (குடியிருப்பு அனுமதி அட்டை), துபாய் என்றால் எமிரேட்ஸ் ஐடி: முடியும் தேதியும் அதில் எழுதியிருக்கும் தொழிலும் என்ன? 'சூப்பர்வைசர்' என்று பத்திரிகையில் போட்டுவிட்டு அட்டையில் வேறு தொழில் இருந்தால் சவூதியில் குடும்ப விசா கிடைப்பது கடினமாகலாம். பெண் இங்கேயேதான் இருக்க வேண்டியிருக்கும். அது தெரிந்தே கட்டிக்கொண்டால் ஒன்றும் தவறில்லை. தெரியாமல் கட்டிக்கொண்டால்தான் வினை. நம் ஊர்க்காரர் இல்லாத வளைகுடா நகரம் கிடையாது; ஒரு வெள்ளிக்கிழமை அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லலாம். கப்பல் வேலை என்றால் சி.டி.சி. புத்தகத்தை (கப்பல் ஊழியரின் பணிப் பதிவேடு) பாருங்கள். எத்தனை மாதம் கடல், எத்தனை மாதம் கரை என்பது அதில் முத்திரையாக இருக்கும்.

முன்பே கல்யாணம் ஆனவரா என்பதற்கு ஒவ்வொரு சமூகத்திலும் ஒரு வழி உண்டு. கத்தோலிக்கர் என்றால் திருமுழுக்குச் சான்றிதழைப் புதிதாக எடுத்துவரச் சொல்ல வேண்டும். லேமினேட் செய்து பெட்டியில் வைத்திருக்கும் பழைய சான்றிதழால் பயனில்லை. திருமணம் நடந்தால் திருமுழுக்குப் பதிவேட்டிலும் குறிப்பு ஏறும், அது புதிதாக எடுக்கும் நகலில் மட்டுமே தெரியும். முஸ்லிம் என்றால் மாப்பிள்ளையின் சொந்த மஹல்லா ஜமாஅத்திலிருந்து (அந்தப் பகுதிப் பள்ளிவாசல் நிர்வாகம்) கடிதம். வேலை பார்க்கும் ஊரின் கடிதம் போதாது. மற்றவர்களுக்கு ஊர்த் தலைவர், கிராமக் கமிட்டி, அதற்கு மேல் அந்தத் தெரு மளிகைக் கடை.

கீழக்கரைக்கு ஒரு தனிப் பத்தி எழுதியாக வேண்டும். அங்கே பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், வீடும் மகளுக்கே. அயர்லாந்துப் பெண்ணின் பெரிய பயமான 'முன்பின் தெரியாத வீட்டில் போய் விழுவது' இங்கே பாதி குறைந்துவிடுகிறது, உம்மா பக்கத்து அறையில் இருக்கிறார். ஆனால் 'இந்த வீடு உனக்குத்தான்' என்பது பல குடும்பங்களில் வாய்ச்சொல்லாகவே நிற்கிறது. வாப்பா இருக்கும் வரை சரி. அவருக்குப் பின்னால் காக்காமார் (அண்ணன்மார்) பங்கு கேட்டால் கையில் காகிதம் இராது. பதிவு செய்த செட்டில்மென்ட் பத்திரம், அதன் பிறகு வில்லங்கச் சான்று, பட்டா பெயர் மாற்றம், வீட்டுவரி பெயர் மாற்றம், மின் இணைப்பு, இந்த வரிசையில் முடிக்க வேண்டும். பெரும்பாலும் பத்திரத்தோடு நின்றுவிடுவார்கள். சிக்கல் பட்டாவில் வரும்.

நகைக் கணக்கை இனி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தயங்கும் பெண்ணை நகர முடியாமல் கட்டிப்போடுவது அதுதான். 30 பவுன் என்று பேச்சு என்றால் 240 கிராம். சேதாரம் 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 28.8 கிராமுக்கான பணம், மூன்றரைப் பவுனுக்கும் மேல், கடையிலேயே போய்விடும். 3 சதவீத ஜி.எஸ்.டி. தனி. நாளைக்கே திருப்பிக் கொடுத்தாலும் அந்தப் பணம் வராது. எனவே நகை வாங்குவது கடைசி வேலையாக இருக்கட்டும். வாங்கும்போது பில் பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும். அப்பா பெயரில் பில் போட்டுவிட்டு, பிறகு பெண்ணுடையது என்று நிரூபிக்க அலைவதுதான் வழக்குகளில் வழக்கமாக நடப்பது. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் (ஒவ்வொரு நகைக்கும் தனி அடையாள எண்) இருந்தாக வேண்டும் (2 கிராமுக்குக் கீழ் விலக்கு). அந்த எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் தரமும் நகையின் வகையும் வரும். அம்மாவின் பழைய நகையை அழித்துப் புதிதாகச் செய்தால் அதற்கு எந்தத் தடமும் இராது. தராசில் வைத்து, எடை தெரிகிற மாதிரி ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

பட்டியல் எழுதுவது சட்டத்திலேயே இருக்கிறது. எங்கள் பகுதியில் எழுதியவர்களை விரல் விட்டு எண்ணலாம். வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985இல் வந்த விதிகளின்படி, கல்யாணத்தில் பெண்ணுக்கு வந்த பரிசுகளுக்கு ஒரு பட்டியல், மாப்பிள்ளைக்கு வந்தவற்றுக்கு ஒரு பட்டியல். பொருள் என்ன, ஏறக்குறைய என்ன விலை, கொடுத்தவர் யார், உறவுமுறை என்ன. கீழே மணமக்கள் இருவரும் கையெழுத்து. பெண்ணின் பட்டியல் பெண்ணிடமே இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் யாராவது வரதட்சணை வாங்கி வைத்திருந்தால் மூன்று மாதத்துக்குள் பெண்ணிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது 6ஆவது பிரிவு. அதுவரை அது பெண்ணுக்காக அவர்கள் காத்து வைத்திருக்கும் பொருள் மட்டுமே. வாங்கினாலும் கொடுத்தாலும் குறைந்தது 5 ஆண்டு சிறை. 15,000 ரூபாய் அல்லது வரதட்சணையின் மதிப்பு, இதில் எது அதிகமோ அந்த அபராதம். கேட்டாலே 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை. 'கொடுத்ததும் குற்றம் ஆச்சே, புகார் சொன்னால் நம்மையும் பிடிப்பார்களே' என்று பயந்து வாயை மூடிக்கொள்பவர்கள் 7(3) பிரிவைக் கேட்டறிய வேண்டும்: பாதிக்கப்பட்டவர் கொடுத்த வாக்குமூலத்தை வைத்து அவர் மேலேயே இந்தச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது.

பெயரை மாற்றினால் சட்டம் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். சீர், சம்பந்தி மரியாதை, கைக்கூலி, மாப்பிள்ளைக்குச் சின்னதா ஒரு வண்டி. முஸ்லிம் வீடுகளில் மாப்பிள்ளை கொடுக்க வேண்டிய மஹர் தஃப்தரில் (ஜமாஅத்தின் திருமணப் பதிவேடு) சில ஆயிரமாக எழுதப்படுகிறது, எழுதாத கைக்கூலி சில லட்சமாகப் போகிறது. இதை மார்க்கம் என்று சொல்ல எந்த ஆலிமும் துணியமாட்டார். மஹர் பணமாகவா நகையாகவா, உடனே கொடுப்பதா பிறகா என்று தஃப்தரில் தெளிவாக இருக்க வேண்டும். நிபந்தனைகளையும் எழுதலாம்: மேற்படிப்பைத் தடுக்கக் கூடாது என்பது போல. எழுதியதைப் பெண் வீட்டார் போட்டோ எடுத்து வைக்கவேண்டும். இன்னொன்று, நகை போட்டுவிட்டோம், இனி சொத்தில் பங்கு இல்லை என்ற பேச்சு இந்து வீடுகளில் இன்னும் நடக்கிறது. தமிழ்நாடு 1989இலேயே மகளைச் சம பங்காளி ஆக்கியது. 2005இல் நாடு முழுக்க ஆனது. 30 பவுன் அந்த உரிமையைத் தின்றுவிடாது.

பெண்ணின் சொந்த வருமானம் பற்றி. நம் மாநிலத்தில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திட்டம் முன்பு தாலிக்குத் தங்கமும் (கடைசியில் 8 கிராம்), 25,000 அல்லது 50,000 ரூபாய் கல்யாண உதவியும் கொடுத்தது. 2022இல் அதையே புதுமைப் பெண் திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கிவிட்டார்கள். அரசே கணக்கை மாற்றி எழுதிவிட்ட பிறகு வீட்டில் மட்டும் இரண்டாம் வருஷத்தோடு படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுப்பது ஏன் என்று தெரியவில்லை. 'அங்க போய்ப் படிச்சுக்கலாம்' என்ற வாக்குறுதியை, அடுத்த பருவக் கட்டணத்தை யார் எந்தத் தேதியில் கட்டுவது என்று கேட்டுச் சோதிக்கலாம். பதில் தடுமாறினால் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

படிக்காத பெண்களுக்கும் இது பொருந்தும். மண்டபம், பாம்பன் பக்கம் தெப்பம் கட்டிக் கடல்பாசி வளர்க்கும் பெண்ணுக்கு ஏறக்குறைய 45 நாளுக்கு ஒரு அறுவடை, கையில் காசு. மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1,500 ரூபாய் கட்டினால் 4,500 ரூபாயாகத் திரும்பும். கல்யாணமாகி வேறு கிராமம் போனதும் சங்க உறுப்பினர் பதிவை மாற்ற யாரும் நினைப்பதில்லை; அடுத்த ஆண்டுப் பட்டியலில் பெயர் இராது. சுய உதவிக்குழுவில் கடன் பாதி நிற்கும், தவணை பிறந்த வீட்டின் தலையில் விழும். கல்யாணத்துக்கு முன்பே குழுக் கணக்கை முடித்து எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். புது ஊர் மீனவ மகளிர் சங்கத்தில் சேர என்ன காகிதம் வேண்டும் என்று அப்போதே கேட்டு வைக்க வேண்டும். வங்கிக் கணக்கும் ஏ.டி.எம். அட்டையும் போன் எண்ணும் பெண்ணிடமே இருக்கட்டும். லாக்கர் எடுத்தால் அவள் பெயரில் மட்டும். முதல் தடைக்காலத்தில் நகையை அடகு வைக்க நேர்ந்தால் சீட்டு அவள் பெயரில்.

நிச்சயமான பிறகு பெண் வேண்டாம் என்கிறாள், என்ன செய்வது? முதலில், நிச்சயம் சட்டப்படி கல்யாணம் ஆகாது. கட்டித்தான் ஆக வேண்டும் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாது. ஊர்க் கூட்டம் விதிக்கும் அபராதத்துக்கும் சட்டத்தில் இடமில்லை. சேதியைப் பெண்ணின் அப்பா தனியே போய்ச் சொல்ல வேண்டாம். இரு வீட்டுக்கும் பொதுவான பெரியவர் ஒருவரோடு போகட்டும். காரணமாகப் பெண்ணின் உடம்பையோ ஜாதகத்தையோ பொய் சொல்லாதீர்கள், அடுத்த இடத்துக்கு அது முன்னாலேயே போய்ச் சேரும். 'பெண்ணுக்கு மனசு இல்லை' என்ற ஒரு வரி போதும். மோதிரம், பரிசப் புடவை, பூ வைத்தபோது போட்ட சங்கிலி எல்லாவற்றையும் எடை போட்டு, இரண்டு சாட்சி கையெழுத்தோடு ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். நாம் கொடுத்ததையும் அதே தாளில் எழுதித் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தத் தாள் இல்லாததால் ஒரு கிராம் மோதிரத்துக்காக வருஷக்கணக்கில் பகை வளர்கிறது. நிச்சயத்துக்குப் பின் அனுப்பிய போட்டோக்களை வைத்து மிரட்டினால் பயந்து ஒளிய வேண்டாம். அந்தச் செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் போகலாம்.

கட்டிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு: இந்து திருமணச் சட்டத்தில் கல்யாணமாகி ஓராண்டுக்குள் விவாகரத்து மனுவே பொதுவாகப் போட முடியாது. இருவரும் ஒத்துக்கொண்டு பிரிவதற்கும் ஓராண்டு பிரிந்து வாழ்ந்து, மனுப் போட்டு, அதன் பின் ஆறு மாதம். தகுந்த வழக்கில் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. அயர்லாந்தில்கூட 2019க்குப் பிறகு மூன்றாண்டில் இரண்டாண்டு பிரிந்து வாழ்ந்திருந்தால் போதும் என்று குறைத்தார்கள், முன்பு ஐந்தில் நான்கு. இதோடு ஒரு மண்டப அட்வான்ஸை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சம்மதித்துக் கட்டிக்கொண்டவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி எந்த மதமானாலும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தாமதக் கட்டணத்தோடு 150 நாள் வரை. கோயில் சான்றிதழோ தஃப்தர் நகலோ இருக்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள். ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து என்று பெயர் மூன்று விதமாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். பத்திரிகை அடிக்கும் முன்பே பெயரைச் சரி செய்துகொள்வது நல்லது, பத்திரிகையும் ஆவணமாகக் கேட்கப்படும்.

கடைசியாக, ஆசிரியர் அவர்களுக்கு ஒரு கோரிக்கை. உங்கள் ஞாயிறு இதழின் மணமகன் தேவை பகுதியில் 'நல்ல சீர் செய்யப்படும்', 'சொந்த வீடு தரப்படும்' என்ற வரிகள் அவ்வப்போது வருகின்றன. வரதட்சணைத் தடைச் சட்டம் 4ஏ பிரிவு, கல்யாணத்துக்கு ஈடாகப் பணமோ சொத்தோ தருவதாக விளம்பரம் கொடுப்பவரை மட்டும் குறிக்கவில்லை. அச்சிடுபவரையும் வெளியிடுபவரையும் சேர்த்தே குறிக்கிறது. அந்த வரிகளை எடுத்துவிடுங்கள். காலியாகும் இடத்தில் இதைப் போடலாம்: பெண்கள் உதவி எண் 181, இலவச சட்ட உதவி 15100 (வருமானம் எதுவானாலும் எல்லாப் பெண்களுக்கும் உண்டு), வரதட்சணைப் புகாருக்கு மாவட்ட சமூக நல அலுவலர். ஒரு பத்தி அகலத்தில் மூன்று வரிதான் வரும்.

இப்படிக்கு,
திருமணப் பதிவு, சட்ட உதவி, ஓலை எழுதும் பணிகளில் உள்ள நால்வர்,
ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை